எஸ்எஸ்டியைக் காப்பாத்தணும்னு பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணாதீங்க!

"புதுசா எஸ்எஸ்டி போட்டிருக்கீங்களா? முதல் வேலையா விர்ச்சுவல் மெமரியை ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா சீக்கிரம் போயிடும்."

லேப்டாப் சர்வீஸ் கடையிலோ, யூடியூப் வீடியோவிலோ, 'கம்ப்யூட்டர் தெரிந்த' நண்பர் மூலமாகவோ இந்த அறிவுரையை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். எஸ்எஸ்டியில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்று ஒரு வரம்பு இருப்பது உண்மை. ரேம் பற்றாதபோது கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியில் எழுதுகிறது என்பதும் உண்மை. அப்புறம் என்ன, ஆஃப் பண்ணினால் ஆயுள் கூடத்தானே செய்யும்?

இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கேள்வி காணாமல் போயிருக்கிறது. எவ்வளவு? அதைக் கேட்டுப் பார்த்தால் கதை மாறிவிடும். பெரிய ஆபத்தில் இல்லாத ஒரு பொருளைக் காப்பாற்றப் போய், உங்கள் வேலையை ஆபத்தில் மாட்டிவிடுகிறீர்கள். இந்த அறிவுரையை இனி யாருக்கும் சொல்லக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று பார்ப்போம்.

விர்ச்சுவல் மெமரி என்றால் என்ன?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிதான் ரேம். கை நீட்டினால் எடுத்துவிடலாம், ஆனால் இடம் குறைவு. பின்பக்கம் இருக்கும் குடோன்தான் எஸ்எஸ்டி. அங்கே இடம் நிறைய, ஆனால் போய் எடுத்துவர நேரமாகும். தினமும் போகிற சர்க்கரை, உப்பு, பருப்பு எல்லாம் முன்னால் இருக்கும். எப்போதாவது யாராவது கேட்கிற சரக்கு பின்னால் போய்விடும்.

கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. காலையில் திறந்துவிட்டு மறந்துபோன ஒரு ஃபைலை நீங்கள் மணிக்கணக்கில் தொடவே இல்லை என்றால், அது ரேமில் பிடித்துவைத்திருக்கும் இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தகவலை எஸ்எஸ்டியின் ஒரு ஓரத்தில் போட்டுவைக்கும். விண்டோஸில் அந்த ஓரத்துக்குப் பெயர் பேஜ் ஃபைல். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்வாப்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. விர்ச்சுவல் மெமரி என்பது உண்மையில் இதைவிடப் பெரிய ஏற்பாடு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி முகவரி வரைபடம் கொடுத்து, ஒன்றின் இடத்தில் இன்னொன்று கைவைக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைதான். அதை யாராலும் ஆஃப் பண்ண முடியாது. செட்டிங்ஸில் நீங்கள் ஆஃப் பண்ணுவது பேஜ் ஃபைலை மட்டும்தான்.

இது புது ஐடியாவும் இல்லை. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செயல்பாட்டுக்கு வந்த அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே, டாம் கில்பர்ன் குழுவினர் மெயின் மெமரியையும் காந்த டிரம்மையும் சேர்த்து ஒரே நினைவகம் போலக் காட்டினார்கள். 60 வருஷத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் சமாளித்து வருகின்றன.

பயம் எங்கிருந்து வந்தது?

பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, அதே இடத்தில் மறுபடி எழுதிக்கொண்டே இருந்தால் பேப்பர் நைந்துபோகும். எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபிளாஷ் செல்களின் நிலையும் அதுதான். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. போதாததற்கு, எழுதும்போது வரி வரியாக எழுதலாம், அழிக்கும்போது மொத்தப் பக்கத்தையும்தான் அழிக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு கட்டுப்பாடும் உண்டு. அதனால் நாம் எழுதச் சொன்னதைவிடக் கூடுதலாகவே உள்ளே எழுத வேண்டிவரும்.

2008-ல் இன்டெல் தனது எக்ஸ்25-எம் எஸ்எஸ்டியை வெளியிட்டபோது அதன் கொள்ளளவு 80 ஜிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 5 வருஷம் தாங்கும் என்றது இன்டெல். விலை அதிகம், இடம் குறைவு, தொழில்நுட்பமோ புதுசு. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு எஸ்எஸ்டியைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அப்போதே இதற்கு ஒரு பதில் வந்துவிட்டது. 2009-ல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 7 குழு, பயனர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து திரட்டிய தரவுகளை வைத்து ஒரு விளக்கம் வெளியிட்டது. பேஜ் ஃபைலில் ஒருமுறை எழுதினால் ஏறக்குறைய 40 முறை படிக்கப்படுகிறது என்பது அதில் ஒரு தகவல். படிப்பதெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள், எழுதுவது பெரிய துண்டுகள். எஸ்எஸ்டி நன்றாகச் செய்யும் வேலையே இதுதான். அதனால் பேஜ் ஃபைலை எஸ்எஸ்டியிலேயே வையுங்கள் என்றுதான் அந்தக் குழு சொன்னது.

ஆக, 2009-லேயே பதில் சொல்லி முடித்த ஒரு பயத்தைத்தான் நாம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

எஸ்எஸ்டி வாங்கும்போது அதன் விவரக் குறிப்பில் 'டிபிடபிள்யூ' என்று ஓர் எண் இருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரன்டி செல்லும் என்பதுதான் அதன் அர்த்தம். பைக்குக்கு 'மூன்று வருஷம் அல்லது இத்தனை கிலோமீட்டர்' என்று வாரன்டி கொடுப்பார்களே, அந்த மாதிரி. அந்தக் கிலோமீட்டரைத் தாண்டிய அன்றைக்கே பைக் நடுரோட்டில் நின்றுவிடாது. இதுவும் அப்படித்தான்.

பட்ஜெட் விலையில் கிடைக்கும் கிங்ஸ்டன் ஏ400 எஸ்எஸ்டியின் 240 ஜிபி மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் வரம்பு 80 டிபி, அதாவது 80,000 ஜிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால் 4,000 நாள். கிட்டத்தட்ட 11 வருஷம். அதே எஸ்எஸ்டியில் தினமும் 50 ஜிபி எழுதினால் 1,600 நாள், நாலு வருஷத்துக்கு மேல். அதன் வாரன்டியே 3 வருஷம்தான்.

ஒரு படி மேலே போய், சாம்சங் 870 ஈவோவின் 500 ஜிபி மாடலைப் பார்த்தால் வரம்பு 300 டிபி. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 6,000 நாள், அதாவது 16 வருஷத்துக்கும் மேல். 16 வருஷம் ஒரே லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இது நிறுவனங்கள் சொல்கிற கணக்குதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 'தி டெக் ரிப்போர்ட்' என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ் 2013-ல் தொடங்கி 2015 வரை ஒரு சோதனை நடத்தியது. 240 ஜிபி முதல் 256 ஜிபி வரையிலான 6 எஸ்எஸ்டிகளில், அவை செத்துப்போகும்வரை இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறுமே 700 டிபியைத் தாண்டின. கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2,400 டிபி வரை தாக்குப்பிடித்தது.

6 எஸ்எஸ்டிகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய மலிவு விலை எஸ்எஸ்டிகள் சிலவற்றில் ஒரே செல்லுக்குள் நான்கு பிட் தகவலை அடைக்கிறார்கள். அவை அன்றைய செல்கள் அளவுக்கு உழைக்காது. ஆனால் கொள்ளளவு கூடக்கூட, தேய்மானம் நிறைய செல்களுக்குப் பகிர்ந்து போகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எல்லா இடத்திலும் சமமாகப் பரப்பி எழுதும் வேலையை எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் பார்த்துக்கொள்கிறது.

அப்போ எஸ்எஸ்டி சாகவே சாகாதா?

சாகும். பெரும்பாலும் நாம் பயப்படுகிற காரணத்தால் அல்ல என்பதுதான் விஷயம்.

2019 நவம்பரில் ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், அதில் உள்ள தகவலை மீட்க முடியாது, உடனே ஃபர்ம்வேர் அப்டேட் போடுங்கள் என்றது அந்த எச்சரிக்கை. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். நீங்கள் அதில் எவ்வளவு எழுதினீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருந்த சாஃப்ட்வேர் பிழை.

கூகுளின் டேட்டா சென்டர்களில் 6 ஆண்டுகள் ஓடிய எஸ்எஸ்டிகளின் தரவுகளை வைத்து, டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2016-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்பது மட்டுமல்ல, எஸ்எஸ்டியின் வயதும் பிழைகளைத் தனியாகப் பாதிக்கிறது என்றது அந்த ஆய்வு. ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய தேவை குறைவாக வந்தது. ஆனால் ஆங்காங்கே தகவல் படிக்க முடியாமல் போகும் பிழைகள் அதிகமாக இருந்தன. இதற்கு மருந்து பேஜ் ஃபைலை அணைப்பது இல்லை. பேக்கப் எடுப்பதுதான்.

இன்னொரு சம்பவம். 2016-ல் ஸ்பாட்டிஃபையின் டெஸ்க்டாப் ஆப், பாட்டு எதுவும் ஓடாதபோதும் டிஸ்க்கில் ஜிபி கணக்கில் எழுதித் தள்ளுவதாகப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு அப்டேட்டில் அது சரிசெய்யப்பட்டது. எஸ்எஸ்டியில் எழுதுவது பேஜ் ஃபைல் மட்டும்தான் என்று நினைத்து அதையே குறிவைத்தால், இப்படிப்பட்ட உண்மையான ஆசாமிகள் தப்பித்துவிடுவார்கள்.

ஆஃப் பண்ணினால் என்ன ஆகும்?

மறுபடி மளிகைக் கடைக்கே போவோம். கடைக்காரர் ஆர்டர் எடுக்கும்போது அலமாரியை மட்டும் பார்ப்பதில்லை. 'முன்னால இவ்வளவு, குடோன்ல அவ்வளவு, மொத்தமா இவ்வளவுக்கு வாக்குக் கொடுக்கலாம்' என்று மனக்கணக்குப் போடுவார். ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் முழுச் சரக்கையும் வாங்க வருவதும் இல்லை.

விண்டோஸும் அப்படித்தான். ஒரு புரோகிராம் 'எனக்கு 2 ஜிபி வேண்டும்' என்று கேட்டால், அது உடனே அத்தனையையும் பயன்படுத்தாது. ஆனால் விண்டோஸ் வாக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாக்குகளுக்கான உச்ச வரம்பு, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் வரம்பு சட்டென்று ரேமின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அதனால்தான் சிலருக்கு ஒரு விசித்திரமான அனுபவம் நடக்கிறது. ரேமில் இன்னும் 2 ஜிபி காலியாகக் காட்டும். ஆனால் 'மெமரி போதவில்லை' என்று செய்தி வந்து புரோகிராம் மூடிக்கொள்ளும். அலமாரியில் சரக்கு இருக்கிறது, ஆனால் எல்லாமே யாருக்கோ வாக்குக் கொடுத்தாகிவிட்டது. குடோனும் பூட்டியாகிவிட்டது.

அது எப்போது நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது நடக்காது. ராத்திரி 11 மணிக்குக் கல்லூரி புராஜெக்ட்டை முடிக்கும்போது, கல்யாண ஆல்பத்தை எடிட் செய்யும்போது, ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் 20 டேப் திறந்திருக்கும்போது நடக்கும். சேவ் பண்ணாத வேலை போனது போனதுதான். 11 வருஷம் ஓடக்கூடிய எஸ்எஸ்டியை 12 வருஷம் ஓட்டுவதற்கு இது கட்டுப்படியாகுமா?

வேகமும் கூடாது. பேஜ் ஃபைல் இல்லாவிட்டால், பயன்படாமல் தூங்கும் தகவல் எல்லாம் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். இடம் நெருக்கும்போது விண்டோஸ் வேறு வழியில்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எஸ்எஸ்டியிலிருந்து படிக்கும். வெறும் ஸ்க்ரோல் செய்தாலே திணறும். நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுபோனால், எதனால் நின்றது என்ற பதிவை எழுதிவைக்கவும் பேஜ் ஃபைல் வேண்டும்.

கவலையில் நியாயமே இல்லையா?

இருக்கிறது, இரண்டு இடங்களில்.

ஒன்று, ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் பலவும் மெமரி கார்டிலிருந்து இயங்குபவை. மெமரி கார்டுக்கு எஸ்எஸ்டி அளவுக்குத் தாங்கும் சக்தி கிடையாது. அங்கே ஸ்வாப்பைக் குறைப்பதிலும், ரேமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறைக்கு மாறுவதிலும் அர்த்தம் இருக்கிறது.

இரண்டாவது, எஸ்எஸ்டியையும் ரேமையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும் லேப்டாப்கள். 2021 தொடக்கத்தில், ஆப்பிளின் எம்1 மேக் வாங்கிய சிலர், சில மாதங்களிலேயே எஸ்எஸ்டியில் டெராபைட் கணக்கில் எழுதப்பட்டிருப்பதாகப் புள்ளிவிவரங்களை வெளியிட்டார்கள். அதே வருஷம் வந்த மேக் ஓஎஸ் 11.4 அப்டேட்டுக்குப் பிறகு எழுதும் அளவு குறைந்ததாகப் பயனர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். எஸ்எஸ்டி தேய்ந்தால் கழற்றி மாற்ற முடியாது என்றால், கவலைப்படாமல் என்ன செய்வது?

2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச ரேமை ஆப்பிள் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. அலமாரி பெரிதானால் குடோனுக்கு நடக்கிற நடை தானாகவே குறையும். ஸ்வாப் அதிகமாகிறது என்றால் அது ரேம் பற்றவில்லை என்பதற்கான அறிகுறி. காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை உடைத்து என்ன பயன்?

சிக்கல் என்னவென்றால், ரேம் வாங்குவது இப்போது முன்னைப்போல் எளிதாக இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. சாதாரணப் பயனர்களுக்கு ரேம் விற்றுவந்த 'குரூஷியல்' பிராண்டு வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் 8 ஜிபி லேப்டாப்களோடு இன்னும் பல வருஷம் காலம் தள்ளப்போகிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு பேஜ் ஃபைல்தான் துணை. அதையும் ஆஃப் பண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நாம் சண்டை போட வேண்டியது செட்டிங்ஸோடு இல்லை, விற்பவர்களோடு. ரேமைக் கூட்ட முடியுமா, எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்ற முடியுமா, அதன் எழுதும் வரம்பு எத்தனை டெராபைட் என்கிற மூன்று தகவலும் லேப்டாப் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பொருட்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையிலேயே ஒரு குழுவை அமைத்தது. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை அளவைப் போட முடிகிறபோது, அரை லட்சம் ரூபாய் பொருளில் இதைப் போட முடியாதா?

சரி, நான் என்ன செய்யணும்?

முதலில் செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'செட்டிங்ஸ்', பிறகு 'அட்வான்ஸ்டு' டேப், அதில் விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே 'சேஞ்ச்'. மேலே முதல் வரியில், பேஜிங் ஃபைல் அளவைத் தானாகவே நிர்வகிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

பயமாக இருந்தால் அளந்து பாருங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில், இதுவரை மொத்தம் எத்தனை ஜிபி எழுதப்பட்டிருக்கிறது என்பதை பெரும்பாலான எஸ்எஸ்டிகள் காட்டும். இன்றைக்கு ஒருமுறை, அடுத்த வாரம் இதே நாள் ஒருமுறை குறித்துக்கொண்டு, வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் உங்கள் தினசரிக் கணக்கு வந்துவிடும். மேலே போட்ட கணக்கை உங்கள் எஸ்எஸ்டியின் வரம்புக்குப் போட்டுப் பாருங்கள்.

எஸ்எஸ்டியை நிரப்பாதீர்கள். காலி இடம் குறையக் குறைய, கன்ட்ரோலர் தகவலை இங்கும் அங்கும் நகர்த்த வேண்டியிருக்கும். தேய்மானம் கூடும், வேகம் குறையும். 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும்.

பேஜ் ஃபைலை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாதீர்கள். இரண்டும் இருக்கிற கம்ப்யூட்டரில் சிலர் இப்படிச் செய்கிறார்கள். குடோனைப் பக்கத்து ஊருக்கு மாற்றியது மாதிரி ஆகிவிடும்.

லினக்ஸ் பயன்படுத்துகிறீர்களா? ஸ்வாப்பை அழிக்க வேண்டாம். எழுதுவது அதிகம் என்று தோன்றினால் 'ஸ்வாப்பினஸ்' எண்ணை வழக்கமான 60-லிருந்து குறைக்கலாம், அல்லது இசட்ரேமுக்கு மாறலாம். ஃபெடோரா 2020-ல் வந்த 33-வது பதிப்பிலிருந்தே இசட்ரேமைத்தான் இயல்பாகத் தருகிறது.

கடைசியாக, பேக்கப். எஸ்எஸ்டி போவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போகாது. பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி 'டொக் டொக்' சத்தமும் கொடுக்காது. முக்கியமான ஃபைல்கள் இன்னொரு டிஸ்க்கிலோ, கிளவுடிலோ இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்ய அரை மணி நேரம் போதும். அடுத்த முறை உங்கள் வீட்டு லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கும்போது, அந்த செட்டிங்கை ஒருமுறை திறந்து பாருங்கள். 'எஸ்எஸ்டி நல்லா இருக்கணும்னு ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்' என்று கடைக்காரர் நல்ல மனசோடு சொன்னால், அவரிடமே நன்றி சொல்லிவிட்டு ஆன் பண்ணச் சொல்லுங்கள்.